அம்பு ஒட்டிய பனியன்கள்

கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு. திருப்பு. மறுபடியும் கழுத்து. பனியன் கம்பெனியில் குறை பார்க்கிற வேலை, பதினெட்டு வருஷமாக என் கை இந்த வரிசையில்தான் போகிறது, மனசு எங்கே போனாலும் கை தப்பாது என்றுதான் நினைத்திருந்தேன். மதியச் சோறு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தபோது மேஜைமேல் புதுக்கட்டு கிடந்தது. வெள்ளைப் பனியன், நாற்பது பீஸ், வெட்டுத் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டியிருந்தது. நெஞ்சில் நீல எழுத்து. நான் ஆறாவதோடு நின்றவள். வெளிநாட்டுக்குப் போகிற பனியனில் இங்கிலீஷில் என்னென்னமோ எழுதியிருக்கும், அதெல்லாம் எனக்குப் பூப்போட்ட மாதிரி, கோடு போட்ட மாதிரி. மை வழிந்திருக்கிறதா, எழுத்து வெடித்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். தமிழில் எழுதின பனியன் என் மேஜைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதனால் எழுத்துக் கூட்டிப் படித்துத் தொலைத்தேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கு மனநோய். மறைக்க ஒன்றுமில்லை. கீழே சின்னதாக நிழற்குடை அறக்கட்டளை என்று ஒரு குடைப்படம். படித்ததும் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தேன். என் வீட்டுக் கதவை யாரோ திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. யார் சொன்னது இவர்களிடம், எப்படித் தெரியும் என்று ஒரு கணம் பதறிவிட்டு, அப்புறம்தான் உறைத்தது, இது காலையில் என் மகள் மேகலா சொன்ன பனியன். ஞாயிற்றுக்கிழமை நிழற்குடைக்காரர்கள் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிறார்கள், நோய் வந்தவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும், இந்த நோயை யாரும் ஒளித்து வைக்க வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லுவதற்காக. மேகலாவும் நடக்கிறாள். "பனியன்கூடக் குடுப்பாங்கம்மா" என்று சொன்னாள். அது நான் வேலை செய்கிற கம்பெனிக்கே வந்து, என் மேஜைக்கே வந்து, என் கையாலேயே பாஸாகிப் போகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலையில் அவள் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நீ வரலைன்னாலும் நான் போவேம்மா. வந்தா நல்லா இருக்கும். சாயங்காலம் சொல்லு, பேர் குடுக்கோணும்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், பால் வாங்கிவரச் சொல்லுகிற மாதிரி. நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்ததையே கரைத்துக்கொண்டிருந்தேன்.

கழுத்து, தோள், கை. பக்கத்து ஸ்டூலில் துளசிமணி. பதினோரு வருஷமாக ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம். குறை இருக்கிற இடத்தில் ஒட்டுகிற அம்பு ஸ்டிக்கர் தீர்ந்துபோனால் ஒருத்தி அட்டையிலிருந்து இன்னொருத்தி எடுத்துக்கொள்ளுவோம், கேட்பதுகூட இல்லை. சிவப்பு அம்பு, அரிசி மணி அளவு. எண்ணெய்க் கறைக்கு ஒன்று, தையல் விட்டிருந்தால் ஒன்று. அம்பு ஒட்டினது வலப்பக்கம், நல்லது இடப்பக்கம். துளசிமணி எட்டாவது படித்தவள், வாசித்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங் பூவக்கா, இதப் பாத்தீங்களா? எங்கூட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கிப் போட்டு உடோணும், அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கும்." எனக்கும் சிரிப்பு வந்த மாதிரி ஒரு சத்தம் தொண்டையில் வந்தது. அதை நானே கேட்டேன். சிரித்தது நான்தானா? பெற்றவள் சிரிப்பாளா இதற்கு? சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று துளசிமணி பார்ப்பாளே. அவள் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும், துணியை வெளிச்சத்துக்குப் பிடித்து ஓட்டை தேடுகிற பார்வை, எனக்கும் அதே பார்வைதான், இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பார்வை இல்லாமல் போய்விட்டது, பந்தியில் உட்கார்ந்தால்கூட எதிரில் இருக்கிறவள் ரவிக்கையின் தையலைத்தான் முதலில் பார்ப்போம். "அப்புறங்க்கா," குரலைத் தாழ்த்தினாள், "எங்க சித்தப்பா ஊட்டுல உங்க மேகலா ஜாதகம் நெம்பப் புடிச்சுப்போச்சாமா. எட்டுப் பொருத்தம். ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வரட்டுமான்னு கேக்கறாங்க. பையன் காங்கேயத்துல அரிசி மில்லுல சூப்பர்வைசர், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, ஒரே ஒரு பழக்கம், சோறு உண்டா அரைமணி நேரம் எந்திரிக்க மாட்டான்." ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஏழு நாள் இருக்கிறது, எல்லாம் ஒரே நாளில் வந்து விழ வேண்டுமா. "பாக்கலாங் கண்ணு" என்றேன். ஜாதகம் கொடுத்தது மேகலாவுக்குத் தெரியாது. போன மாதம் துளசிமணி கேட்டாள், மறுநாளே மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், ஏதோ காலம் முழுக்க அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்த மாதிரி. அப்போது என்ன நினைத்தேன்? ஒரு வீட்டில் போய் விளக்கேற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனா, அல்லது மாத்திரையைக் கால்சியம் மாத்திரை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேனா. டாக்டர் ஆறு மாதம் முன்னாலேயே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், "கல்யாணம் இதுக்கு மருந்து இல்லைங்கம்மா. பண்ணுங்க, ஆனா சொல்லிட்டுப் பண்ணுங்க." சொல்லிட்டு. எந்த வாயால் சொல்லுவது. சொல்லிவிட்டால் அப்புறம் எதைப் பண்ணுவது.

பக்கத் தையல், அடிமடிப்பு, திருப்பு. தாழ்ப்பாள். எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தத் தாழ்ப்பாளில்தான் வந்து மாட்டுகிறேன், ஆணியில் முந்தானை மாட்டுகிற மாதிரி. மூன்று வருஷம் முன்னால் அவளுக்கு இருபத்தொன்று. ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை. முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் சோறு போயிற்று. அப்புறம் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடினால் காதைப் பொத்திக்கொள்ளுவாள். "மோட்டார்ல என்னப் பத்திப் பேசறாங்கம்மா, கேக்கலையா உனக்கு?" நான் கேட்டுப் பார்த்தேன். சத்தியமாகக் காதைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன், குழந்தை சொல்லுகிறாளே, ஏதாவது இருக்குமோ என்று. மோட்டார் சத்தம்தான் கேட்டது. அவள் அப்பா இருந்திருந்தால் முதல் வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார், அவர் எதற்கும் வெட்கப்படாதவர். நான் எலுமிச்சம்பழம் சுற்றினேன். வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போனேன். ஒரு அமாவாசைக்குக் கரூர் பக்கம், அடுத்த அமாவாசைக்கு இன்னொரு பக்கம். எட்டு மாதம். ஒரு பீஸில் பின்னல் விட்ட கண் ஒன்று இருந்தால் அன்றைக்கே பிடிக்க வேண்டும், இரண்டு சலவை போனால் கீழ்வரை ஓடிவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டில் எட்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்தான் துளசிமணி புதுவீட்டுப் பத்திரிகை எடுத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கேட்டில் அவள் குரல் கேட்டது, "பூவக்கா இருக்கீங்களா." உள்ளறையில் மேகலா சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் யோசிக்கவே இல்லை. கதவைச் சாத்தினேன். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். துளசிமணியை உட்கார வைத்து, காப்பி வைத்து, பத்திரிகையைத் தட்டோடு வாங்கி, "மேகலா எங்கீங்க்கா, காணோம்?" என்று கேட்டபோது கொஞ்சமும் நாக்குக் குழறாமல், "கோயமுத்தூர்ல அவ அத்தையூட்டுல இருக்கறா கண்ணு, கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கறா" என்றேன். உள்ளே சத்தமே இல்லை. அவள் பேசிக்கொண்டிருந்ததுகூட நின்றுவிட்டது. நல்லவேளை, நல்லவேளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு மணி நேரம். துளசிமணி புதுவீட்டுக்கு எந்த டைல்ஸ் போட்டார்கள், பூஜை அறை எந்தத் திசை எல்லாம் சொன்னாள், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், அவள் போனதும் தாழ்ப்பாளைத் திறந்தேன். மேகலா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். உட்காரக்கூட இல்லை. அவள் கையில் அவளுடைய பை இருந்தது, துணியெல்லாம் எடுத்து வைத்து. அப்போது எனக்கு விளங்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் இருந்து, மருந்து ஒத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, நிழற்குடையிலிருந்து ஒரு அம்மாள் வாரம் ஒருமுறை வந்து எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, மேகலாவும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அங்கே போக ஆரம்பித்து, எத்தனையோ மாதம் கழித்து ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "நீ கோயமுத்தூர்னு சொன்னப்ப நான் கதவுக்குப் பின்னாடி கேட்டுட்டு இருந்தேம்மா. அப்ப எனக்கு எது நெசம், எது நெசமில்லைன்னே தெரியாத நேரம். அம்மா சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன். நான் கோயமுத்தூர்லதான் இருக்கேன் போல, இங்க நிக்கறது நான் இல்லை போலன்னு. அதான் பையெடுத்து வெச்சேன்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

வெள்ளைப் பனியனில் ஊசிமுனை அழுக்குக்கூடத் தெரியும், அதனால் வெள்ளை வந்தால் கையை இரண்டு தடவை கழுவிக்கொள்ளுவோம். என் கை இப்போது வேர்க்கிறது. துடைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் இதைப் போட்டுக்கொண்டு நடப்பாள், பழைய பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் கம்பெனி ஆட்கள் நிற்பார்கள், காய் வாங்க வந்தவர்கள் நிற்பார்கள், செல்போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள், படம் காங்கேயம் போவதற்கு எத்தனை நேரம் ஆகும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு. அந்த எங்கள் வீடு என் வீடு. அவள் நெஞ்சில் எழுதியிருப்பது அவள் பெயர் இல்லை, என் வீட்டு விலாசம். துளசிமணியின் சித்தப்பா வீட்டாரை ஞாயிற்றுக்கிழமையே வரச்சொல்லிவிட்டால்? அவர்கள் பத்தரைக்கு வருகிறார்கள் என்று வையுங்கள், மேகலா போக முடியாது, நான் தடுத்த மாதிரியும் இருக்காது. என்ன நினைப்பு இது. இது தாழ்ப்பாள் இல்லாமல் வேறென்ன. இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டுக்காரர்களையே தாழ்ப்பாளாக வைக்கப் பார்க்கிறேனா. போகட்டும், அவள் போகட்டும், நான் போக வேண்டாம். நான் போகாவிட்டால் அவள் யார் பக்கத்தில் நடப்பாள். நிழற்குடை அம்மாள் இருப்பார், மற்றவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் அம்மா வந்திருப்பார்கள், அண்ணன் வந்திருப்பான், இவள் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நடக்கிற இடம் காலியாகப் போகும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். பார்க்கிறவர்கள், பார்க்கிறவர்கள். இத்தனை வயசுக்கு நான் என்னைக்காவது பார்க்கிறவர்கள் இல்லாமல் ஒரு காரியம் நினைத்திருக்கிறேனா. தோள், கை, பக்கத் தையல். கழுத்து பார்த்தேனா? பார்த்திருப்பேன். மின்விசிறி சுற்றுகிறது, மேலே நூல் தூசி தொங்குகிறது, அயர்ன் மேஜையிலிருந்து ஆவி வாசனை வருகிறது. எப்போது டீ வந்தது, எப்போது குடித்தேன், தெரியவில்லை. டம்ளர் காலியாக இருக்கிறது.

"பூவக்கா." ஜெகநாதன். செக்கிங் சூப்பர்வைசர், வயசு நாற்பது இருக்கும், கோபம் வந்தால் மரியாதை கூடிப்போகும் ஆள். "பூவாத்தாள் அக்கா அவர்களே, இது என்னங்க?" என்று கேட்டார். என் வலப்பக்கம் காட்டினார். வலப்பக்கம் குவியலாக இருந்தது, இடப்பக்கம் ஒரே ஒரு பீஸ். நாற்பதில் முப்பத்தொன்பது வலப்பக்கம் கிடந்தன. "முப்பத்தொம்பது டேமேஜா? பிரிண்டிங்காரன் சட்டையப் புடிக்கப் போலாம்னுதான் எடுத்துப் பாத்தேன்." ஒரு பீஸை எடுத்து விரித்தார். சிவப்பு அம்பு நெஞ்சில் ஒட்டியிருந்தது, மனநோய் என்கிற எழுத்தைப் பார்த்தபடி. இன்னொன்று எடுத்தார், அதே இடம். இன்னொன்று. அரை அங்குலம்கூட மாறாமல் ஒரே இடம். நான் ஒட்டியதாக எனக்கு நினைவே இல்லை, ஆனால் அட்டை காலியாக இருந்தது, என் நகத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அவர் பனியனை இழுத்துப் பார்த்தார். உள்ளே புரட்டிப் பார்த்தார். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், எழுத்து நிழலாகத் தெரிந்தது. "கறையில்ல, வெடிப்பில்ல, கண்ணு விடலை. என்ன டேமேஜ்னு நீங்களே சொல்லுங்க்கா, எனக்குத் தெரியல." துளசிமணியும் கையை நிறுத்திவிட்டாள். பின்னால் அயர்ன்காரர்கூட நிறுத்திவிட்டார். வாய் வரைக்கும் வந்தது, எழுத்து கோணல் என்று, மை கம்மி என்று, சொன்னால் இவர் நம்புவார், பதினெட்டு வருஷமாக நான் சொன்னால் நம்பியிருக்கிறார். கோயமுத்தூர் என்று அன்றைக்கு வந்த அதே இடத்திலிருந்துதான் வந்தது, அதே சுலபத்தோடு. அந்தச் சுலபம்தான் பயமாக இருந்தது. இந்தப் பனியன்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்பது பேர் இதில்லாமல் நடப்பார்கள். என் மகளும்தான். இவரிடம் சொல்லுகிற பொய் நேராக அங்கே போய்ச் சேரும், கதவுக்குப் பின்னால் நிற்கிறவளிடம்.

"டேமேஜ் இல்லைங்க" என்றேன். "பீஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நாந்தான் தப்பா ஒட்டிப்போட்டேன்." அவர் விடவில்லை, "எதுக்குங்க்கா?" என்றார். கோபம் இறங்கி நிஜமாகவே கேட்டார். நான் துளசிமணியைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னேன். "என்ற புள்ள ஞாயித்துக்கிழம இதப் போட்டுட்டு நடக்கறா. அவளுக்குத்தான் ஒடம்புக்கு ஆகாம இருந்துது. மனசுக்கு. மூணு வருஷமாச்சு. இப்ப நல்லா இருக்கறா, மாத்திரை சாப்பிடறா. கோயமுத்தூர் போகலை அவ. ஊட்டுலதான் இருந்தா. நாந்தான் உள்ள வெச்சுத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன்." கடைசி இரண்டு வரி அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, அது அவருக்குச் சொன்னது இல்லை. ஜெகநாதன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார், இடப்பக்கம் இருந்த அந்த ஒற்றைப் பீஸை எடுத்து விரித்தார். அக்குளில் தையல் விட்டு விரல் நுழைகிற ஓட்டை. "அட சாமி. நல்ல பீஸுக்கெல்லாம் அம்பு, ஓட்டைப் பீஸு பாஸா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரே பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டார். "உரிச்சுட்டுக் கட்டுங்க. கோந்து ஒட்டுச்சுன்னா வெள்ளையில தெரியும், பாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்பை நகத்தால் கிளப்ப வேண்டும், அவசரப்பட்டால் துணியோடு இழுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. துளசிமணி தன் கட்டைத் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் அவள் மூச்சு மாறியிருந்தது. என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டைல்ஸ் கதை சொன்ன இரண்டு மணி நேரத்தை அவள் திரும்ப ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. திட்டினால் திட்டட்டும். ஐந்தாவது பீஸுக்குக் கையை நீட்டியபோது குவியலில் பாதியை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு நகம் நீளம், என்னைவிட வேகம். பத்துப் பீஸ் உரித்தாள். அப்புறம், "நான் அங்க ஒக்காந்து காப்பி குடிச்சுட்டு இருந்தனே" என்றாள். "ம்." "அவ்வளவு நேரமும் புள்ள உள்ளயா?" "ம்." இன்னும் மூன்று அம்பு உரித்தாள். "ஜாதகத்த நாளைக்குக் கொண்டாந்து குடுத்தர்றங்க்கா. சித்தப்பா ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க. எனக்கே சொல்றதுக்கு நாக்கு வராது." சரி என்றேன். இப்படித்தான் ஆகும் என்று தெரிந்ததுதான். "சோறு நல்லா உண்கறாளா இப்ப?" என்று கேட்டாள். "உண்கறா." "தூக்கம்?" "தூங்கறா. மாத்திரைக்கு நெம்பவே தூங்கறா, காலைல எழுப்பறதுக்குள்ள எனக்கு உசுரு போகுது." "அதுக்கெல்லாம் ஏன் உசுரு போகுது, தூங்கட்டும் உடுங்க" என்று அதட்டினாள். அதட்டினது ஜாதகத்துக்காகவா, தாழ்ப்பாளுக்காகவா, தெரியவில்லை. கடைசி அம்பை உரித்துத் தன் அட்டையின் மூலையில் ஒட்டி வைத்தாள், ஒரு ஸ்டிக்கரையும் வீணாக்காதவள்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. ஜெகநாதன் மேஜைக்குப் போய் அந்த ஓட்டைப் பீஸை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இதுவரை எதுவும் கேட்டதில்லை. அளவு பெரிசு, எனக்குச் சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள வரும், அக்குளில் நாலு தையல் போட்டால் போதும். அவர் ஒன்றும் கேட்காமல் கேட் சீட்டு எழுதிக் கொடுத்தார். கேட்டில் வரிசை. பொம்பளை ஆட்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும், துணி வெளியே போகாமல் பார்ப்பதற்கு. எனக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் முப்பது பேர், எனக்குப் பின்னாலேயே துளசிமணி. வரிசை நகர நகர, திரும்பிப் போய் வைத்துவிடலாமா, பையின் அடியில் சோற்று டப்பாவுக்குக் கீழே தள்ளிவிடலாமா, சீட்டு இருக்கிறதே, அடியில் எதற்குத் தள்ள வேண்டும், தள்ளினால் ஒளித்த மாதிரி, ஒளித்தால் திருடின மாதிரி. செக்யூரிட்டி ராஜாமணி அக்கா மதுரைப் பக்கத்துக்காரி, குரல் ரோட்டுக்குக் கேட்கும். பனியனை எடுத்து உதறி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "டேமேஜ் பீஸ் ஒண்ணு, சரி" என்று சீட்டைப் பார்த்துவிட்டு நெஞ்சிலிருப்பதைப் படித்தாள், என்னை மாதிரியே எழுத்துக் கூட்டி, சத்தமாக. "எங்கள்... வீட்டில்... ஒருவருக்கு... மனநோய்." பின்வரிசையில் பேச்சு நின்றது. மிச்சத்தையும் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள், பனியனைப் பார்த்தாள். "இது யாருக்குத்தா?"

"எனக்குத்தான்" என்றேன். "மடிச்சுக் குடுங்க, கசங்கிப்போகும்."